கீழ்பென்னாத்தூர் மோட்டார்

நான் இப்போது எழுதப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு ஃபைலைத் திறந்தால் அது எந்த ஃபோல்டருக்குள், அதற்குள் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்பதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசிப் பெயரை மட்டும் மேலே காட்டும். அதே பெயரில் இன்னொன்றைத் திறந்தால்தான் இரண்டுக்கும் முன்னால் ஃபோல்டரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். ஒன்றை மூடிவிட்டால் மற்றது பழையபடி சுருங்கிவிடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் நல்ல வசதி என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திறந்திருப்பது இவ்வளவுதான் என்று அதற்கு எப்படித் தெரியும், கண்ணில் படாமல் ஒன்று எங்காவது கிடந்தால் என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்தவர் இல்லை.

நான் பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில். திண்டிவனத்திலிருந்து வந்த லாரி ஒன்றில் கிளீனராக வந்து, டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டு அங்கேயே இறங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிறகு எந்த ஊரிலும் நான் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. இறங்கிய இடத்தில் இரண்டு நாள் கோயில் பக்கம் சாப்பிட்டேன், பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். அந்த ஊரில் விலாசம் இல்லாத மனிதர்கள் நிறைய. காவி கட்டியிருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சட்டை போட்டுக்கொண்டு விலாசம் இல்லாமல் இருப்பவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். நான் சட்டை போட்டிருந்தேன்.

வேங்கிக்கால் போகிற ரோட்டில் ஒரு ஓட்டுக் கொட்டகைதான் அந்தக் கடை. கிணற்றுக்கு வைக்கிற மோட்டார்கள் வோல்டேஜ் கம்மியாக வந்து, உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியான காயில் கருகிப் போய் அங்கே வந்து சேரும். ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. முதலாளி என் தோளைப் பார்த்தார், வேலைக்கு வைத்துக்கொண்டார். ஊர் என்ன என்று கேட்டதற்குத் திண்டிவனம் லாரியில் வந்தேன் என்றேன். அதிலிருந்து நான் ‘திண்டிவனம்’. என் ஊர் அது கிடையாது. ஆனால் கடையில் இன்னொரு திண்டிவனம் இல்லாததால் அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மோட்டார்களுக்கும் இதே முறைதான். மேஸ்திரி ஒருவர் இருந்தார், காயில் சுற்றுவதெல்லாம் அவர். மோட்டார் வந்ததும் அதைப் பிரித்துவிடுவார். உடம்பு தனி, உள்ளே சுழலும் ரோட்டார் தனி, இரண்டு பக்க மூடிகள் தனி. ஒவ்வொரு துண்டிலும் யாருடையது என்று எழுத வேண்டும். எண்ணெயும் கரியும் ஒட்டிய இரும்பில் எவ்வளவு எழுத முடியும்? அதனால் ஊர்ப் பெயரை மட்டும் வெள்ளைச் சாக்கட்டியால் எழுதுவார். அதே ஊரிலிருந்து இன்னொரு மோட்டார் வந்தால் முதல் மோட்டாரையும் தேடிப் போய், இரண்டிலும் ஒரு வார்த்தை சேர்ப்பார். ‘ஏரி’ என்றோ ‘மில்’ என்றோ, எது பிரித்துக் காட்டுமோ அது. ஒன்று வீட்டுக்குப் போனதும் மற்றதில் சேர்த்ததைக் கட்டைவிரலால் அழித்துவிடுவார். எதற்கு அழிக்க வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நான் ஒருமுறை சொன்னேன். தேவையில்லாததை எழுதி வைத்தால் படிக்கிறவன் இன்னொன்று எங்கே என்று தேடுவான் என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் மேஸ்திரி சொல்வது எதையும் நான் முழுதாக நம்பியதில்லை. கருகிய செம்புக் கம்பியைக் கொஞ்சம் அவர் சாப்பாட்டுத் தூக்கில் போட்டுக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். நான் பார்த்தது அவருக்கும் தெரியும். அதனால் அவரும் என்னை நம்பவில்லை. முதலாளி இரண்டு பேரையும் நம்பவில்லை. சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது கைவீசி நடக்கிறோமா என்று பார்ப்பார்.

அந்த மாசியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் மோட்டார் கொண்டுவந்தார். ஏரிக்குக் கீழே நிலம், கிணற்றுப் பாசனம், நெல். ஏரி வற்றிவிட்டது, கிணறு ஒன்றுதான் கதி. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரத்தில் மோட்டார் கருகிவிட்டது. இந்தச் சமயத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. அவர் அதைச் சொன்ன விதத்தில் எங்களைக் கெஞ்சுவது போல எதுவும் இல்லை. எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்து, எத்தனை நாளில் என்று மட்டும் கேட்டார். முதலாளி நாலு நாள் என்றார். முதல் மூன்று நாளும் அவர் பஸ் ஏறி வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆள் நிற்காவிட்டால் பழைய கம்பியைப் போட்டுச் சுற்றிவிடுவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்போது கீழ்பென்னாத்தூர் அரிசி மில்லின் மோட்டார் ஒன்றும் கடையில் இருந்தது. எனவே இவருடையது ‘கீழ்பென்னாத்தூர் ஏரி’. மில்காரர்கள் வந்து தங்களுடையதை எடுத்துப் போனதும் மேஸ்திரி வழக்கம்போல ‘ஏரி’யை அழித்தார்.

ஐந்தாம் நாள் ஏரிக்கரைக்காரர் மோட்டாரை எடுத்துப் போக மாட்டுவண்டியோடு வந்தார். நான் ‘கீழ்பென்னாத்தூர்’ என்று எழுதியிருந்ததை உருட்டிக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து மறுபக்கம் பார்த்தார்.

“இது என்னுது இல்ல.”

முதலாளி சிரித்தார். புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறது, அதுதான் அப்படித் தெரிகிறது என்றார்.

“என் மோட்டாருக்கு ஒரு காலு ஒடஞ்சி ஒட்டு போட்டது. வண்டிலேந்து உழுந்து. ஏம்பா மேஸ்திரி, நீ காயிலு சுத்துனதுல காலு தானா கூடிக்கிச்சா?”

மேஸ்திரி மோட்டாரின் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு முதலாளியும் என்னைப் பார்த்தார். ஒரு நொடியில் அந்தக் கொட்டகையில் எல்லாருக்கும் விஷயம் முடிந்துவிட்டது. நான் இரவில் கடையிலேயே படுப்பவன். எங்கிருந்தோ வந்தவன். ஒரு மோட்டாரை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் பழையது ஒன்றைக் கொண்டுவந்து வைக்க என்னால் முடியும். என் மனதில் வேறு ஒன்று ஓடியது. மேஸ்திரிக்கு என்னைத் துரத்த ஒரு காரணம் வேண்டும், அதற்கு இதைச் செய்திருப்பார் என்று நினைத்தேன். அந்த விவசாயியையும் விடவில்லை. கால் உடையாத நல்ல மோட்டாரைப் பார்த்துவிட்டு, அதற்கும் மேலே ஒன்று கேட்கிறாரோ என்று நினைத்தேன்.

முதலாளி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். உன் ஊர் எது என்றார். திண்டிவனம் என்றால் திண்டிவனத்தில் எங்கே, எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, அவர் என்ன செய்கிறார், அங்கே உன்னைத் தெரிந்தவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவ்வளவு நாள் ஒரு வார்த்தையில் அடங்கியிருந்த எனக்கு அன்றைக்கு முழு விலாசம் தேவைப்பட்டது. நான் உண்மையான ஊரைச் சொன்னேன். அதுவே வினையாகிவிட்டது.

“அப்ப இவ்ளோ நாளு திண்டிவனம்னு ஏண்டா சொன்ன?”

“நான் சொல்லலீங்க. நீங்கதான் கூப்ட்டீங்க.”

“கூப்ட்டா திரும்பிப் பாத்த இல்ல?”

போலீசுக்கு ஆள் அனுப்பலாமா என்று முதலாளி மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி அதற்கு அவசரப்படவில்லை. போலீஸ் வந்தால் தூக்குப் பாத்திரம் வரைக்கும் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

ஏரிக்கரைக்காரர் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. அவருக்கு நான் திருடனா இல்லையா என்பதில் அக்கறை இல்லை. வயல் காய்கிறது என்றார். பிறகு எரிச்சலோடு, தான் முந்தாநாள் வந்தபோதே பார்த்திருக்க வேண்டும், கண்ணில் காட்டாமல் ஏமாற்றிவிட்டீர்கள் என்றார். யாரும் ஏமாற்றவில்லை, நீங்கள் வந்ததே எனக்குத் தெரியாது என்றார் முதலாளி.

“நீங்க கடையில இல்ல. இவருதான் இருந்தாரு. எங்கய்யா மோட்டாருன்னு கேட்டதுக்கு உள்ள வேவுதுன்னாரு.”

மேஸ்திரி கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

கொட்டகைக்குப் பின்னால் செங்கல் வைத்துக் கட்டிய ஒரு கூண்டு உண்டு. காயில் சுற்றி வார்னிஷ் ஊற்றிய உடம்பை அதற்குள் வைத்து, கரி நெருப்பு போட்டு, தகரக் கதவைச் சாத்தி ஒரு நாள் முழுக்கக் காயவைப்போம். ஏரிக்கரைக்காரரின் மோட்டார் முந்தாநாள் அதற்குள் இருந்தது. அதன் மூடிகளும் ரோட்டாரும் லேத் பட்டறைக்குப் போயிருந்தன. அன்று மத்தியானம் ஒரு வேன் டிரைவர் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். கீழ்பென்னாத்தூர் என்றார், யாருடையது என்று கேட்டதற்குத் தெரியாது, கொடுத்தார்கள் கொண்டுவந்தேன் என்றார். பேரிங் மட்டும் மாற்ற வேண்டிய மோட்டார். மேஸ்திரி கடையைச் சுற்றிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை கீழ்பென்னாத்தூர் என்று வேறு எதுவும் இல்லை. புது மோட்டாரில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதினார். மறுநாள் கூண்டிலிருந்து பழையது வெளியே வந்து, மூடிகளும் வந்து, பூட்டி முடித்து வாசலருகே வைத்தோம். அதிலும் அதே ஒரு வார்த்தை. சாயங்காலம் அதே வேன் டிரைவர் வந்து கீழ்பென்னாத்தூர் மோட்டார் என்றார். முதலாளி பேனாவால் வாசல் பக்கம் காட்டினார். நான் தூக்கி ஏற்றினேன்.

இதை மேஸ்திரியே மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். முதலாளி பேனாவால் காட்டினதை மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இருந்தாலும் ஏத்தினது நீதான?” என்றார்.

என்னையே போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். அந்த வேறு ஆளின் மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றினோம். நான் கிளம்பும் முன் முதலாளி என் பையை வாங்கித் தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதில் ஒரு போர்வை, ஒரு லுங்கி, லாரி ஆபீசில் கொடுத்த ஒரு சீட்டு. ஓடிப்போக நினைத்தால் அதற்காகத் திரும்பி வர மாட்டேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். வண்டியில் ஏரிக்கரைக்காரர் என்னைத் தனக்கு முன்னால் உட்காரவைத்தார். பின்னால் உட்கார்ந்தால் குதித்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. ஸ்பேனர்களை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மாட்டுவண்டி மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை. நான் போய், இரண்டு நாள் முன்பு வேனில் கீழ்பென்னாத்தூர் மோட்டார் ஒன்று வந்ததே, யாருடையது என்று கேட்டேன். கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, “இங்க ஓடறது எல்லாமே கீழ்பென்னாத்தூர் மோட்டார்தாம்பா,” என்றார். சிரித்தார்கள். அந்த வார்த்தை திருவண்ணாமலையில்தான் எதையோ குறித்தது. இங்கே அதற்கு ஒன்றுமே அர்த்தமில்லை.

கிணறு கிணறாகப் போய்ப் பார்ப்பதென்று ஏரிக்கரைக்காரர் முடிவு செய்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. தெரியாத ஆள் ஒருவன் மோட்டார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால் அப்போது யாரும் சும்மா விட மாட்டார்கள். பாக்கி கட்டவில்லை என்று ஃபியூஸ் பிடுங்க வரும் மின்சார வாரியத்து ஆள் என்றுதான் நினைப்பார்கள். ஒரு கிணற்றில் ஒரு அம்மா எங்களைத் தூரத்தில் பார்த்ததும் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மோட்டார் ரிப்பேர், ஓடவில்லை என்றார். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

“இவன் கரண்ட் ஆபீசு இல்லம்மா. மோட்டார் கட.”

“கூட்டிக்கினு வர்றது நீயி. நீ யாரு பக்கம்னு எனக்கு எப்டித் தெரியும்?” என்றார் அவர். இருவரும் ஒரே ஊர்தான்.

கடைசியில் அந்த வேன் டிரைவர் மத்தியானச் சவாரிக்கு வந்தபோது பிடித்தோம். அவர் முதலில் ஞாபகமில்லை என்றார். தன் தலையில் ஏதாவது விழும் என்று பயந்தது முகத்தில் தெரிந்தது. மோட்டாரைத் திருடியதாக யாரும் சொல்லவில்லை என்று நான் இரண்டு முறை சொன்ன பிறகு, மில் பக்கம் ஒரு வண்டியில் இறக்கியதாகவும், அந்த வண்டி கிழக்கே போன மண் ரோட்டில் திரும்பியதாகவும் சொன்னார்.

மண் ரோட்டின் முடிவில் வேர்க்கடலைக் காடு, ஒரு கிணறு. மோட்டார் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. உள்ளே மோட்டார் இருந்தது. அதன் கால்கள் மேல் ஒரு கோணிப்பை போட்டு மூடியிருந்தது. ஏரிக்கரைக்காரர் யாரையும் கேட்காமல் போய்க் கோணியைத் தூக்கினார். ஒட்டுப் போட்ட கால். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தக் காட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் என் மேல் வந்தது.

“ஒட்டு போட்டதப் பாத்தேன். கடக்காரன் கீழப் போட்டு ஒடச்சிட்டு ஒட்டி அனுப்பியிருக்கான்னு நெனச்சேன். கேட்டா இல்லன்னுதான் சொல்வீங்க.”

“அதான் கோணி போட்டு மூடினியா?” என்றார் ஏரிக்கரைக்காரர்.

“வெயிலு படுது, அதான் போட்டேன்.”

கொட்டகைக்கு மேலே கூரை நன்றாகவே இருந்தது. அவர் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் கடையைப் பற்றி அவர் நினைத்தது தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவருடைய மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கியதும் நான்கு கால்களையும் தட்டிப் பார்த்தார், கையால் சுழற்றிப் பார்த்தார். பேரிங் புதுசுதானா என்று மூன்று தடவை கேட்டார். அதற்குப் பிறகுதான் மற்றதைக் கழற்ற விட்டார்.

ஏரிக்கரைக்காரரின் கிணற்றில் மோட்டாரைப் பூட்டி முடித்தபோது கரண்ட் இருந்தது. சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு அடி பின்னால் போனேன். வயர் மாறிப் போய் எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது, இரண்டு வயரை மாற்றிப் போட்டால் சரியாகும் என்றேன். செய்யப் போனவனைத் தள்ளி நிறுத்தினார். தானே ஃபியூசைப் பிடுங்கி, தானே வயரை மாற்றினார். மறுபடி சுவிட்சைப் போட்டதும் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது.

நான் கிளம்பப் பார்த்தேன். இரு என்றார். இன்னும் ஒரு முறை கரண்ட் வந்து ஓடி நிற்கும் வரை இருக்க வேண்டும், காயில் சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும் என்றார். வீட்டிலிருந்து களியும் கீரைக் குழம்பும் வந்தன. நான் சாப்பிட்டேன். மோட்டாரின் உடம்பில் அவர் அடிக்கடி கை வைத்துச் சூடு பார்த்தார். மறுநாள் பகல் முறைக்குக் கரண்ட் வந்தபோதும் மோட்டார் நின்றுபோகாமல் ஓடியது. தண்ணீர் ஒவ்வொரு பாத்தியாக நிறைந்து மேற்கே கடைசி மடைக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆனது. அவர் மடையோடு நடந்தார். என்னையும் வரச் சொன்னார்.

கடைசிப் பாத்திகள் தூரத்திலேயே வெளுப்பாகத் தெரிந்தன. மற்ற இடங்களில் கதிர் தலை சாயத் தொடங்கியிருந்தது. இங்கே நிமிர்ந்து நின்றது. அவர் ஒரு நெல்லை நகத்தால் நசுக்கினார். வெள்ளையாகப் பால் வந்தது. அடுத்த கதிரில் ஒன்று நசுக்கினார், ஒன்றும் வரவில்லை. இப்படியே ஒவ்வொரு கதிராக நசுக்கிக்கொண்டு வரப்பில் போனார். நான் பின்னால் போனேன். வரப்பின் முனையில் நின்று, முன்பக்கமெல்லாம் பிழைத்துக்கொள்ளும், இந்த மூலைதான் போய்விட்டது என்றார். நாலு நாளில் கொடுத்திருந்தால் இதுவும் நின்றிருக்கும் என்றார். நான் சரி என்றேன்.

“உங்க மொதலாளி கிட்ட நீ பாத்தத சொல்லு.”

“சொல்றேங்க.”

“நீ சொன்னா நம்புவாரா?”

நான் யோசித்துப் பார்த்தேன். “மாட்டாருங்க.”

அவர் குனிந்து, வெளுத்த கதிர்களில் ஒரு கைப்பிடி அறுத்து, வைக்கோலால் கட்டி என்னிடம் கொடுத்தார். கூடவே ஸ்பேனர்களையும் ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. அந்தக் கதிர்க் கட்டு நசுங்காமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு திருவண்ணாமலை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.